கேஷ்: பெட்டியா, காசா?

வள்ளியூர் பேருந்து நிலையத்தை ஒட்டிய சாப்பாட்டுக் கடைகளில் பரிமாறுகிறவர் பில்லை நீட்டிவிட்டு, "அண்ணாச்சி, கேஷ்ல குடுத்துருங்க" என்பார். முதலாளி எங்கே என்று கேட்டால், "மொதலாளி கேஷ்ல இருக்காவ" என்று பதில் வரும். இந்த இரண்டு இடத்திலும் கேஷ் என்பது பணம் அல்ல. வாசலோரம் போட்டிருக்கும் மேசை, அதன் கல்லாப்பெட்டி, அதற்குப் பின்னால் உள்ள நாற்காலி எல்லாம் சேர்ந்த ஓர் இடம் அது. அதே முதலாளி பில்லை வாங்கிக்கொண்டு "கேஷா, ஜிபேயா?" என்று கேட்கும்போது சொல்லின் பொருள் மாறிவிடுகிறது. இப்போது அது தாளும் நாணயமும். நாலு கடை தள்ளி செல்போன் பழுதுபார்க்கும் பையன், "போன் ஸ்லோவா இருந்தா கேஷைக் கிளியர் பண்ணிப் பாருங்க" என்கிறான். இது முற்றிலும் வேறொரு சொல். தமிழில் எழுதினால் மூன்றும் ஒரே எழுத்துதான்.

இந்தக் கேஷ் எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்குத் தமிழ்நாட்டில் ஒரு தயார்ப் பதில் உண்டு. பட்டிமன்ற மேடையிலும் பள்ளி விழாவிலும் அதைப் பலர் கேட்டிருப்பார்கள்: கட்டுமரம் கேட்டமரான் ஆனது, சுருட்டு செரூட் ஆனது, மிளகுத்தண்ணி முல்லிகட்டானி ஆனது, காசு கேஷ் ஆனது. முதல் மூன்றும் ஐயமற்றவை. நாலாவது பாதி உண்மை. அந்தப் பாதி எது என்று பிரித்துப் பார்த்தால் மேடையில் சொல்லப்படுவதைவிடச் சுவையான வரலாறு கிடைக்கிறது. ஆங்கிலத்தில் கேஷ் என்று இரண்டு சொற்கள் இருக்கின்றன. எழுத்தும் ஒன்று, ஒலிப்பும் ஒன்று, பிறப்பு மட்டும் வேறு. ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி இரண்டுக்கும் தனித்தனிப் பதிவு வைத்திருக்கிறது. ஒன்று ஐரோப்பாவின் பெட்டி. மற்றொன்று நம்முடைய காசு.

முதலில் பெட்டி. லத்தீனில் காப்ஸா என்றால் பேழை. சுருட்டி வைக்கும் நூல்களை ரோமானியர்கள் அதில் போட்டு வைப்பார்கள். அந்தச் சொல் இத்தாலியனில் காஸா ஆனது, பிரெஞ்சில் கெய்ஸ் ஆனது. வணிகர் கையில் அது பணப்பெட்டியைக் குறித்தது. ஆங்கிலத்துக்கு 16-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வந்து சேர்ந்தபோது அதற்குப் பெட்டி என்ற பொருளும் இருந்தது, பெட்டிக்குள் இருக்கும் பணம் என்ற பொருளும் இருந்தது. 1611-இல் ராண்டில் காட்கிரேவ் என்பவர் அச்சிட்ட பிரெஞ்சு-ஆங்கில அகராதி, பெட்டியைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லுக்கு விளக்கம் தரும்போது வணிகருடைய கேஷ் என்றும் எழுதுகிறது. அங்கே கேஷ் என்பது கல்லாதான். அதற்குச் சில ஆண்டுகள் முன்பே, 1599 வாக்கில் எழுதப்பட்ட ஷேக்ஸ்பியரின் ஐந்தாம் ஹென்றி நாடகத்தில், பந்தயத்தில் ஜெயித்த தொகையைக் கேட்டு வரும் ஒருவனுக்குக் கையோடு தருகிற பணம் என்ற பொருளில் இச்சொல் வருகிறது. ஆக, இரண்டு பொருளும் கொஞ்ச காலம் பக்கத்தில் பக்கத்தில் வாழ்ந்தன. 18-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் பெட்டியை மறந்தார்கள், பணத்தை மட்டும் வைத்துக்கொண்டார்கள்.

அவர்கள் மறந்ததை வள்ளியூர்ச் சாப்பாட்டுக் கடை மறுபடி எடுத்துக்கொண்டிருக்கிறது. "கேஷ்ல இருக்காவ" என்று சொல்கிறவருக்குக் காட்கிரேவைத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. கேஷ் கவுண்டர் என்ற தொடரில் பின்பாதி உதிர்ந்துபோக, முன்பாதியே இடத்துக்குப் பெயராக நின்றது. இதை அரைகுறை ஆங்கிலம் என்று சிலர் ஒதுக்குவார்கள். அது சரியல்ல. பெட்டியின் பெயர் பணத்துக்கும், பணத்தின் பெயர் பெட்டிக்கும் மாறி மாறிப் போவது இந்தச் சொல்லின் பிறவிக் குணம். தமிழிலேயே இதற்குச் சாட்சி இருக்கிறது. கல்லா என்பது கடைக்காரரின் பணப்பெட்டி. உருது, இந்தி வழியாக வந்த சொல். அதன் அரபு மூலத்துக்கு விளைச்சல், தானியம் என்று பொருள். விளைச்சல் வருமானமாகி, வருமானம் அதைப் போட்டுவைக்கும் பெட்டியாகி, இன்று "படம் நல்லா கல்லா கட்டுது" என்று சொல்லும்போது மறுபடி வருமானத்துக்கே திரும்பிவிட்டது.

ஆனால், இந்தப் பெட்டிக் கதை மேலைநாட்டார் தங்களுக்குச் சாதகமாகக் கட்டியது, உண்மையில் காசைத்தான் அவர்கள் எடுத்துப் போனார்கள் என்று யாராவது வாதிட்டால் என்ன சொல்வது? அதற்கு விடை ஒரு கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது. இரட்டைப் பதிவுக் கணக்கு முறையை முதன்முதலில் அச்சில் விளக்கியவர் லூக்கா பச்சோலி என்ற இத்தாலியத் துறவி. அவருடைய கணித நூல் வெனிஸில் 1494-இல் வெளிவந்தது. வணிகர் தம்மிடமுள்ள ரொக்கத்தை எந்தக் கணக்கில் எழுத வேண்டும் என்று சொல்லும்போது அவர் பயன்படுத்தும் சொல் காஸா. வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக்கு வந்து இறங்கியது 1498 மே மாதம். கப்பல் வருவதற்கு நான்கு ஆண்டுகள் முன்பே ஐரோப்பியப் பேரேட்டில் ரொக்கத்தின் பெயர் அச்சாகிவிட்டது. கேஷ் பாக்ஸ், கேஷ் புக், கேஷியர் என்று நம் வங்கிகளில் புழங்குகிற கேஷ் எல்லாம் அந்தக் காஸாவின் வழி வந்தவை. இதில் தமிழுக்குப் பங்கில்லை. அதை ஒப்புக்கொள்வதால் தமிழுக்குக் குறைவும் இல்லை, ஏனென்றால் இரண்டாவது கேஷின் கதை இனிமேல்தான் வருகிறது.

போர்ச்சுகீசியர்கள் கிழக்குக் கடல்களில் வணிகம் செய்யத் தொடங்கியபோது ஊருக்கு ஊர் மதிப்புக் குறைந்த சிறு நாணயங்களைக் கண்டார்கள். தென்னிந்தியாவில் அதற்குப் பெயர் காசு. கொங்கணியிலும் கன்னடத்திலும் தெலுங்கிலும் மலையாளத்திலும் ஏறத்தாழ அதே ஒலிதான். அவர்கள் மொழியில் பெட்டியைக் குறிக்கும் காய்ஷா என்ற சொல் முன்பே இருந்தது. அதுவும் லத்தீன் காப்ஸாவின் வழிவந்ததுதான். காதில் விழுந்த காசுக்கு அவர்கள் அந்தப் பழகிய சொல்லின் உருவத்தையே கொடுத்துவிட்டார்கள். லத்தீன் பெட்டியும் தமிழ்க் காசும் ஒரே எழுத்தில் முதன்முதலில் சந்தித்த இடம் லண்டன் அல்ல, போர்ச்சுகீசிய மாலுமியின் வாய். முத்துக்குளித்துறையில், புன்னைக்காயல், மணப்பாடு கரைகளில், 16-ஆம் நூற்றாண்டில் இருந்து இந்த இரண்டு மொழிகளும் உரசிக்கொண்டிருந்தன. கல்லாவை வைக்கும் மேசையும் அதைப் பூட்டும் சாவியும் கணக்கு நோட்டை அடுக்கும் அலமாரியும் அவர்கள் தந்த சொற்களே.

காய்ஷா அங்கிருந்து இன்னும் கிழக்கே போனது. டச்சுக்காரர் லின்ஸ்கோட்டனின் பயண நூல் 1598-இல் ஆங்கிலத்தில் வந்தது. ஜாவா பக்கத்துச் சுண்டா நாட்டில் நடுவில் துளையுள்ள செப்பு நாணயம் புழங்குகிறது, இருநூறு, ஆயிரம் என்று கயிற்றில் கோத்து வைத்திருக்கிறார்கள், அதன் பெயர் காய்ஷா என்று அதில் எழுதியிருக்கிறது. அவர் சொல்வது சீன வகை நாணயம். வட்டமான செப்பில் சதுரத் துளை. இந்த நாணயத்துக்குச் சீன மொழியில் வேறு பெயர்கள் உண்டு, ஆனால் ஆங்கிலம் இன்றுவரை அதைக் கேஷ் என்றே அழைக்கிறது. லண்டன் அருங்காட்சியகத்தில் சீன நாணயத்துக்கு அருகே உள்ள சீட்டில் கேஷ் என்று எழுதியிருந்தால், அது காப்ஸா அல்ல, காசு. சீனத்தின் ஈராயிரம் ஆண்டு நாணய மரபு உலக அரங்கில் ஒரு தென்னிந்தியப் பெயரோடு உலவுகிறது என்பது மேடைகளில் யாரும் சொல்லாத, ஆனால் நிச்சயம் சொல்லவேண்டிய செய்தி. சீனக் காசுகளும் இங்கே வந்தன. பட்டுக்கோட்டை, மன்னார்குடி வட்டாரங்களில் குவியல் குவியலாக மண்ணிலிருந்து கிடைத்திருக்கின்றன.

தமிழில் காசின் வயது என்ன? சங்கப் பாடல்களில் அது இருக்கிறது. குறுந்தொகையில் அள்ளூர் நன்முல்லையார் பாடிய ஒரு பாட்டில், கிளியின் அலகில் உள்ள வேப்பம்பழத்துக்குப் பொற்கொல்லன் நகநுனியில் பிடித்திருக்கும் பொற்காசு உவமையாகிறது. புதிய நூலில் கோப்பதற்காகப் பிடித்திருக்கிறான் என்பதைக் கவனிக்க வேண்டும். அந்தக் காசு கடையில் கொடுத்து மாற்றுகிற நாணயம் அல்ல, அணியில் கோக்கிற பொன்மணி. பெண்கள் இடையில் அணிந்த பல வடங்களிலும் காசு வருகிறது. இன்றைய காசுமாலை அதே நினைவின் தொடர்ச்சி. பொன், மணி, நாணயம் என்று பொருள் விரிந்துகொண்டே வந்திருக்கிறது. இதோடு உறவில்லாத இன்னொரு காசும் பழந்தமிழில் உண்டு, அதற்குக் குற்றம் என்று பொருள். கம்பன் காசில் என்று எழுதினால் பணமில்லாத என்று படித்துவிடக் கூடாது, குற்றமற்ற என்று படிக்க வேண்டும். யாப்பிலக்கணத்தில் மூன்றாவது ஒன்று. வெண்பாவின் கடைசிச் சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்ற நான்கு வாய்பாட்டில் ஒன்றாக முடிய வேண்டும். பள்ளிக்கூடத்தில் குறளை அலகிட்டுப் பார்த்த எந்தப் பிள்ளைக்கும் இந்தக் காசு தெரியும்.

காசு நாணயமாக, அதுவும் வட்டி ஈட்டும் முதலாக நடமாடியதைத் தாமிரபரணிக் கரையிலேயே கல்லில் படிக்கலாம். அம்பாசமுத்திரத்தில் வரகுண பாண்டியனின் வட்டெழுத்துக் கல்வெட்டு ஒன்று உண்டு. அந்த ஊர் அன்று இளங்கோக்குடி. திருப்போத்துடையார் கோயிலின் நாள்வழிபாட்டுக்காக அரசன் 290 காசு கொடுக்கிறான். ஊர்ச் சபை அதை வாங்கிக்கொள்கிறது. காசுக்கு ஆண்டுக்கு இரண்டு கலம் நெல் வீதம் 580 கலம் நெல்லைப் பொலியாக, அதாவது வட்டியாக, அளக்க வேண்டும். முதல் கெடக் கூடாது. நாலு வேளை வழிபாட்டுக்கு என்னென்ன, எவ்வளவு என்று அந்த நெல்லுக்குச் செலவுத் திட்டமும் கல்லிலேயே வெட்டப்பட்டிருக்கிறது. திருச்செந்தூர் முருகன் கோயிலிலும் வரகுணனின் கொடை ஒன்று இருக்கிறது. அங்கே தொகை 1,400 காசு. பல ஊர்ச் சபைகளிடம் பிரித்துக் கொடுக்கப்பட்டது. விகிதம் அதே இரண்டு கலம். ஆற்றின் மேல்கோடியில் ஒரு வங்கிக் கணக்கு, கடற்கரையில் ஒரு வங்கிக் கணக்கு, வட்டி ஒரே வீதம். ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முந்தைய இந்தச் சீரான நிதி ஒழுங்கை நாம் போதிய அளவுக்குக் கொண்டாடவில்லை.

காசின் வேரைப் பற்றி அறிஞர்களிடையே ஒரு வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. வடமொழியில் கர்ஷம் என்று ஓர் எடை உண்டு. எண்பது குன்றிமணி எடை. கார்ஷாபணம் என்ற பழைய முத்திரை நாணயத்தின் பெயர் அதிலிருந்து வந்தது. பாலியில் அது கஹாபணம். கர்ஷம் என்பதே தெற்கே வந்து காசு ஆனது என்பது ஒரு தரப்பு. காசு திராவிட மொழிகளின் சொந்தச் சொல் என்பது மறு தரப்பு. எடையின் பெயர் நாணயத்துக்கு ஆவது எங்கும் நடப்பதுதான். நம் கழஞ்சு அப்படிப்பட்டது, ஆங்கிலேயரின் பவுண்டும் அப்படிப்பட்டது. ஆனால் சங்கப் பாடலில் கோக்கப்படும் பொன்மணியாக, அணியாக வருகிற காசை எடைப் பெயரிலிருந்து வருவிப்பது அவ்வளவு எளிதாக இல்லை. ஒலி ஒற்றுமை மட்டும் போதாது என்பதற்கு லத்தீன் காப்ஸாவே எச்சரிக்கை.

இந்த எச்சரிக்கையை முறையான அறிவாக்கியவர்களில் ஒருவர் வள்ளியூருக்குக் கிழக்கே, தேரி மணலும் பனையும் சூழ்ந்த இடையன்குடியில் அரை நூற்றாண்டு வாழ்ந்தவர். ராபர்ட் கால்டுவெல் அங்கே வந்தது 1841-இல். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் 1856-இல் வெளிவந்தது. இரண்டு மொழியில் ஒரு சொல் ஒன்றுபோல இருந்தால் உடனே தாய்-பிள்ளை உறவு பேசிவிடாமல், ஒலிமாற்றத்துக்கு விதி இருக்கிறதா, இனமொழிகளில் அது எப்படி நிற்கிறது என்று கேட்க வேண்டும் என்ற பழக்கத்தைத் தமிழ்ச் சூழலுக்குக் கொண்டுவந்த நூல் அது. அவர் 1870-களில் கொற்கையிலும் காயலிலும் மண்ணைத் தோண்டியும் பார்த்தார். திருநெல்வேலி மண்ணில் அள்ள அள்ளக் காசு கிடைத்த காலம் அது. பாண்டியரின் மீன் பொறித்த செப்புக்காசுகள், சோணாடு கொண்டான், எல்லாந்தலையானான் என்று தமிழில் எழுத்துப் பொறித்த காசுகள் எல்லாம் சேகரிப்பவர்களின் கைக்கு வந்தன. லோவன்தால் என்ற பாதிரியார் இவற்றுக்காகவே திருநெல்வேலி நாணயங்கள் என்று ஒரு தனி நூல் எழுதி 1888-இல் சென்னையில் அச்சிட்டார். ஒரு மாவட்டத்தின் காசுக்கு மட்டும் ஒரு புத்தகம்.

அதே காலத்தில்தான் ஹாப்சன்-ஜாப்சன் என்ற புகழ்பெற்ற ஆங்கிலோ-இந்தியச் சொல்லகராதி, 1886-இல், வெளிவந்தது. அதன் ஆசிரியர் இருவரில் ஒருவரான பர்னல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர், கல்வெட்டெழுத்துகளை ஆராய்ந்தவர். நூல் வெளிவருவதற்கு நான்கு ஆண்டுகள் முன்பே இறந்துவிட்டார். கீழை நாடுகளில் ஐரோப்பியர் சிறு நாணயங்களுக்கு வைத்த பெயராகக் கேஷ் அதில் இடம்பெற்றிருக்கிறது, தமிழ்க் காசும் அங்கே காட்டப்படுகிறது. இன்றைய அகராதிகள் சொல்வதற்கு அடித்தளம் அங்கே போடப்பட்டது.

அகராதிக்கு வெளியே, கும்பினியார் ஆட்சியில், அதாவது கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சியில், காசு அரசாங்க நாணயமாகவே இருந்தது. சென்னை மாகாணத்தில் எண்பது காசு ஒரு பணம், நாற்பத்திரண்டு பணம் ஒரு நட்சத்திர வராகன். ஆக ஒரு வராகனுக்கு 3,360 காசு. பணம் ஆங்கிலத்தில் ஃபனம் ஆனதுபோலக் காசு கேஷ் ஆனது. 1801-இல் கர்நாடக நவாப்பிடமிருந்து திருநெல்வேலிச் சீமை முழுவதுமாகக் கும்பினியின் கைக்குப் போனது. 1803-லும் 1808-லும் புதிய செப்புக்காசுகள் இங்கிலாந்தின் பர்மிங்காமில், மேத்யூ போல்டனின் நீராவி இயந்திர நாணயச் சாலையில் அச்சாகி வந்தன. பத்துக் காசை எடுத்துப் பார்த்தால், நாலரை கிராம் சொச்சம் எடை. ஒரு பக்கம் கும்பினியின் சின்னம். மறுபக்கம் பாரசீக எழுத்தில் மதிப்பு, அதன் கீழே ரோமன் எண்ணில் பத்து, அதற்குப் பக்கத்தில் ஆங்கில எழுத்தில் கேஷ். பாரசீக வரியிலும் காஸ் என்றே இருக்கிறது. அம்பாசமுத்திரக் கல்லில் வட்டெழுத்தில் இருந்த சொல், ஆயிரம் ஆண்டு கழித்துப் பர்மிங்காம் இயந்திரத்தில் வேறு இரண்டு எழுத்துகளில் அடித்துத் திரும்பி வந்தது.

எல்லாம் திரும்பி வரவில்லை. 1809 ஜனவரியில் அட்மிரல் கார்ட்னர் என்ற கும்பினிக் கப்பல் இந்தியாவுக்குப் புறப்பட்டு, இங்கிலாந்தின் கென்ட் கரையோரம் குட்வின் மணல்திட்டில் புயலில் சிக்கி மூழ்கியது. அதில் ஏறக்குறைய 50 டன் செப்புக்காசு இருந்தது. பீப்பாய்களில் அடைத்தபடி 1808-ஆம் ஆண்டின் பத்துக் காசும் இருபது காசும் கடலடியில் கிடந்தன. 1980-களில் முக்குளிப்பவர்கள் லட்சக்கணக்கில் அவற்றை மேலே கொண்டுவந்தார்கள். மதுரையிலோ திருநெல்வேலியிலோ சந்தைக் கடையில் தேய்ந்திருக்க வேண்டிய அந்தக் காசுகள், ஒரு கைகூட மாறாமல் இன்று உலகெங்கும் நாணயச் சேகரிப்பாளர்களிடம் விலைபோகின்றன.

ஆங்கிலேயர் மட்டுமல்ல, தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்கள் அடித்த காசுக்குப் பெயர் காஸ், புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்களின் சிறு செப்புக்குப் பெயர் காஷ். பிரெஞ்சுக் காஷுக்கு மேலே இருந்த நாணயம் தூதூ, அதாவது நம்முடைய துட்டு. திருநெல்வேலிப் பேச்சில் பணத்துக்கு முதல் சொல்லே துட்டுதான். தெலுங்கு, கன்னடத்திலும் துட்டு உண்டு. தூத்துக்குடியை 1658-இல் பிடித்த டச்சுக்காரர்களின் செப்பு நாணயமான டோய்ட்டோடு அதை இணைத்துப் பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். சல்லி, ரொக்கம், கல்லா, பைசா என்று பணத்துக்கு நாம் வைத்திருக்கும் பெயர்களைக் கூர்ந்து கேட்டால் யார் யார் இந்தக் கரையில் வியாபாரம் செய்தார்கள் என்ற பட்டியலே கிடைத்துவிடும்.

சென்னை மாகாணம் 1818-இல் வராகனை விட்டு ரூபாய்க்கு மாறியது. 1835-இல் கும்பினி ஆட்சி முழுவதற்கும் ஒரே ரூபாய் வந்தது. கேஷ் என்ற நாணயப் பெயர் ஆங்கிலேயர் பகுதியில் மெல்ல மறைந்தது. ஆனால் வள்ளியூர்க்காரர்களுக்கு அது மறைய இன்னும் நூறு ஆண்டுக்கு மேல் ஆகியது. காரணம் எல்லை. வள்ளியூரும் பணகுடியும் ஆங்கிலேயரின் திருநெல்வேலி ஜில்லா. பணகுடியைத் தாண்டி ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குள் நுழைந்தால் திருவிதாங்கூர் மகாராஜாவின் சீமை. அங்கே பதினாறு காசு ஒரு சக்கரம், நான்கு சக்கரம் ஒரு பணம், ஏழு பணம் ஒரு ரூபாய். அதாவது ரூபாய்க்கு 448 காசு. அதுவும் சர்க்கார் ரூபாய்க்குத்தான். ஆங்கிலேயர் ரூபாய் என்றால் இருபத்தெட்டு சக்கரம் எட்டு காசு. இந்தப் பக்கம் ரூபாய், அணா, பைசா. நாகர்கோவிலுக்கும் வடசேரிச் சந்தைக்கும் சரக்குக் கொண்டுபோகிறவர் இரண்டு கணக்கையும் மனசில் ஓட்டத் தெரிந்திருக்க வேண்டும். சங்கு முத்திரையோடு வந்த திருவிதாங்கூர்க் காசு 1949 வரை அடிக்கப்பட்டது. காசு என்பது பொதுவாகப் பணம் என்று மற்ற ஊரில் மங்கிப்போன பின்பும், இங்கே கையில் பிடித்து எண்ணக்கூடிய ஒரு நாணயத்தின் பெயராக அது இருந்தது.

இனி, கேஷைப்போல ஒலித்துக்கொண்டு உறவே இல்லாமல் நிற்கிற சொற்கள் சில. கேஷியர் என்ற வங்கி ஊழியர் காஸாவின் வம்சம். ஆனால் ஆங்கிலத்தில் ஒரு படைவீரரை அவமதித்துப் பதவிநீக்கம் செய்வதற்கும் கேஷியர் என்ற வினை உண்டு. அது டச்சு, பிரெஞ்சு வழியாக வந்த வேறு சொல், முறித்தல், ரத்துசெய்தல் என்பது அதன் பொருள். செல்போன் கடையில் கிளியர் பண்ணச் சொன்ன கேஷ், ஒளித்து வைத்தல் என்ற பிரெஞ்சு வினையிலிருந்து வந்தது. பயணிகள் உணவையும் கருவிகளையும் புதைத்து வைத்த மறைவிடத்துக்கு முதலில் அந்தப் பெயர். 1968-இல் ஐபிஎம் நிறுவனத்தின் ஒரு பெரிய கணினியைப் பற்றிய கட்டுரையில், அடிக்கடி தேவைப்படும் தகவலைப் பக்கத்திலேயே எடுத்து வைத்துக்கொள்ளும் விரைவு நினைவகத்துக்குப் பெயராக வைத்தார்கள், அது நிலைத்தது. கேஷ்யூ என்ற முந்திரிப் பருப்போ பிரேசில் பழங்குடிகளின் தூப்பி மொழியிலிருந்து போர்ச்சுகீசியர் கொண்டுவந்தது. நாஞ்சில் நாட்டில் அண்டிப்பருப்பு என்றும் கொல்லாங்கொட்டை என்றும் சொல்கிற அந்தப் பருப்பு நல்ல காசு தருகிறது, சொல்லில் மட்டும் காசு இல்லை.

கேஷைத் தமிழாக்கும்போது நம்மவர்கள் செய்திருக்கும் தேர்வுகள் தனி ஆய்வுக்குரியவை. கணக்குப் பாடத்தில் அது ரொக்கம். வேளாண்மைத் துறையில் பணப்பயிர். வங்கியில் கேஷியர் காசாளர் ஆனார், செக் காசோலை ஆனது. காசோலை அருமையான ஆக்கம். எழுத்து வேலைக்கெல்லாம் பனையோலையை நம்பியிருந்த ஒரு நாட்டில், நில விற்பனைக்கு ஓலை, திருமணத்துக்கு ஓலை என்றிருந்த மரபில், காசு தரச் சொல்லி எழுதும் சீட்டுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் அமையாது. இலங்கைத் தமிழரிடம் இந்தச் சிக்கல்கள் குறைவு. அங்கே பணத்துக்குப் பொதுச்சொல்லே காசு.

தமிழ்நாட்டிலும் காசு ஒரு இடத்தில் நுட்பமான பொருளோடு நிலைத்துவிட்டது. 1957 ஏப்ரல் 1-இல் அணாக் கணக்கு போய்ப் பதின்மக் கணக்கு வந்தபோது, ரூபாயில் நூறில் ஒரு பங்குக்கு அரசு வைத்த பெயர் நயா பைசா. தமிழ் நாளிதழ்கள் அதைக் காசு என்று எழுதப் பழகின. நாமக்கல் முட்டை விலை ஐந்து காசு உயர்ந்தது, பெட்ரோல் பதினைந்து காசு குறைந்தது என்று இன்றைக்கும் தலைப்பு வருகிறது. 2016 நவம்பர் 8 இரவு ஐந்நூறு, ஆயிரம் ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தபோது, செல்லாக்காசு என்ற பழஞ்சொல் பத்திரிகைகளில் புதுத் தெம்போடு நடமாடியது. கேஷ் என்ற சொல்லும் அந்த மாதங்களில் பொருள் குறுகியது. அதற்கு முன் கேஷ் என்றால் கடனுக்கு எதிர்ச்சொல், "கேஷா, பாக்கியா?" இப்போது அது போனுக்கு எதிர்ச்சொல்.

அந்த மாற்றத்தால் காசுக்கு எதிர்பாராத ஒரு வாழ்வு கிடைத்திருக்கிறது. 25 காசு நாணயம் 2011 ஜூன் 30-ஓடு செல்லாமல் போனது. 50 காசு சட்டப்படி செல்லும் என்றாலும் கடையில் வாங்குவோர் அரிது. நான்குவழிச் சாலையோரப் பெட்ரோல் பங்கில் மீட்டர் 512 ரூபாய் 37 காசு காட்டினால், தாளும் நாணயமுமாகக் கொடுப்பவரால் அந்த 37 காசைக் கொடுக்க வழியில்லை. போனில் கட்டுபவர் அதைத் துல்லியமாகக் கட்டிவிடுகிறார், பங்கின் கணக்கிலும் அது 37 காசாகவே ஏறுகிறது. கேஷால் தர முடியாத காசு இப்போது கேஷ் இல்லாமல்தான் கைமாறுகிறது.